பாறைக்கரைக்கு குடும்பத்தோட போனோம், திரும்பி வர்றப்ப வழி தண்ணிக்குள்ள போயிடுச்சு. எங்க தப்பு பண்ணினேன்?

கூழாங்கல்
சனிக்கிழமை நாங்க அஞ்சு பேரும் ஒரு பாறைக்கரைக்கு போயிட்டு வந்தோம். நான், மனைவி, 11 வயசு பொண்ணு, 6 வயசு பையன், எங்கம்மா. மணல் கடற்கரை கிடையாது, முழுக்க பாறை, நடுநடுவுல தண்ணி தேங்கின குழிங்க, ஒரு பக்கம் செங்குத்தா மேடு. அந்த மேடு மூக்கு மாதிரி கடலுக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கு, அதை சுத்திப் போனா அந்தப்பக்கம் சின்னதா ஒரு வளைவு, ஆளே வராத இடம். தண்ணி வத்தியிருக்கும்போது மட்டும்தான் மூக்கோட அடியில நடந்து போக முடியும்.

நான் பாக்காம போகல. போன்ல ஏத்த வத்த நேரம் பாத்தேன், 11:40க்கு தண்ணி ரொம்ப கீழ இருக்கும்னு போட்டிருந்துச்சு. சரி அதுதான் நல்ல நேரம்னு நினைச்சு நாங்க கரையில இறங்கினதே 11:30க்கு. 12 மணிக்கு மூக்கை சுத்தி அந்தப்பக்கம் போயாச்சு. அம்மா மட்டும் முட்டி வலிக்குதுன்னு வரல, மேட்டுல பாதி உயரத்துல ஒரு தட்டையான பாறை இருந்துச்சு, அங்க உக்காந்துட்டாங்க, அங்கேருந்து ரெண்டு பக்கமும் தெரியும்.

அந்த வளைவுல ஒரு குழி, நம்ம வீட்டு சாப்பாட்டு மேசை அளவுதான் இருக்கும், பசங்க ரெண்டு பேரும் குப்புற படுத்துக்கிட்டு அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. பூ மாதிரி விரிஞ்சிருந்த ஒண்ணு, மேல நிழல் பட்டதும் சுருங்கிடுச்சு. சங்குக்குள்ளேருந்து கால் நீட்டி நடக்குற நண்டு. கல்லு நிறத்துலயே ஒரு குட்டி மீன், அசையுற வரைக்கும் அது மீன்னே தெரியல. பையன் வாழ்க்கையில ஒரு இடத்துல அவ்ளோ நேரம் அசையாம இருந்து நான் பாத்ததே இல்ல.

12:40க்கு நான் எழுந்து போய் வந்த வழிய பாத்தேன், தண்ணி கொஞ்சம்தான் ஏறியிருந்துச்சு, வழி காஞ்சுதான் இருந்துச்சு. ஒரு மணி நேரத்துக்கு இவ்ளோதான்னா இன்னும் ஒரு மணி நேரம் தாராளமா இருக்கலாம்னு மனசுல கணக்கு போட்டேன். 1:35 இருக்கும், அம்மா மேல நின்னு துண்டை வீசிக்கிட்டு இருக்காங்க, கத்துறது அலை சத்தத்துல கேக்கல. போய் பாத்தா மூக்கோட அடியில என் முட்டிக்கு மேல தண்ணி, அலை வர்றப்ப இடுப்பு வரைக்கும் வருது. பையனை தோள்ல தூக்கிக்கிட்டு, பொண்ணு அவ அம்மா கைய பிடிச்சுக்கிட்டு, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் நடுவுல பாத்து பாத்து கடந்து வந்தோம். பொண்ணுக்கு முட்டியில பாறை கீறி ரத்தம். வேற ஒண்ணும் ஆகல. ஆனா ராத்திரி எனக்கு தூக்கம் வரல.

பசங்க மறுபடி எப்ப போறோம்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. எனக்கும் போகணும்னுதான் இருக்கு. என் கணக்கு எங்க தப்பாச்சுன்னு தெரிஞ்சவங்க யாராவது சொல்லுங்க.

மழைக்காகிதம்
படிச்சதும் கை நடுங்கிடுச்சு சகோ. கோவிச்சுக்காதீங்க, மனசுல பட்டதை சொல்றேன். திரும்பி வர்றதுக்கு ஒரே ஒரு வழி, அதுவும் தண்ணி முடிவு பண்ற வழி, அங்க 6 வயசு பையனை கூட்டிட்டு போயிருக்கவே கூடாது. ரெண்டு பேரும் நல்லபடியா வந்து சேந்ததுக்கு உங்கம்மாவுக்குத்தான் நன்றி சொல்லணும். அவங்க அங்க உக்காரலன்னா நீங்க 2 மணி வரைக்கும் குழிய பாத்துக்கிட்டு இருந்திருப்பீங்க.

உப்புக்காத்து
தம்பி, நான் பொறந்தது வளந்தது எல்லாம் கடலோரம்தான், அப்பா கடலுக்கு போனவரு. உங்க கணக்கு எங்க தப்புன்னு சொல்றேன், இது நிறைய பேரு பண்ற தப்பு.

கடல் ஏறுறது பக்கெட்டுல குழாய் தண்ணி ஏறுற மாதிரி ஒரே சீரா ஏறாது. கீழ இருந்து உச்சிக்கு போக சுமாரா 6 மணி நேரம் 12 நிமிஷம் ஆகும். மொத்த ஏத்தத்தை 12 பங்கா வச்சுக்கோங்க. முதல் மணி நேரத்துல 1 பங்கு, ரெண்டாவதுல 2, மூணாவதுல 3, நாலாவதுல 3, அஞ்சாவதுல 2, கடைசியில 1. கப்பல்காரங்க ரொம்ப காலமா வச்சிருக்குற தோராய கணக்கு இது. இப்ப அன்னைக்கு மொத்த ஏத்தம் 3 மீட்டர்னு வைங்க. முதல் மணி நேரத்துல 25 செ.மீ.தான் ஏறும். 12:40க்கு நீங்க பாத்தது அதுதான். அடுத்த மணி நேரத்துல 50 செ.மீ. அதுக்கடுத்த மணி நேரம் 75, அதுக்கப்புறமும் 75. நீங்க 2:40 வரைக்கும் இருந்திருந்தா மொத்தம் ஒன்றரை மீட்டர் ஏறியிருக்கும், அலை வர்றப்ப பையனோட தலைக்கு மேல.

அதனால முதல் மணி நேரத்தை பாத்து அடுத்த மணி நேரத்துக்கு கணக்கு போடவே கூடாது. கடல் நம்மள ஏமாத்துறது அங்கதான்.

இன்னொண்ணு, 11:40ங்கிறது நீங்க இறங்க வேண்டிய நேரம் இல்ல. திரும்ப வேண்டிய நேரம். வத்துற தண்ணி கூடவே பின்னாடியே இறங்கணும், அதாவது 9:30, 10 மணிக்கே போயிடணும், அது கீழ போக போக புதுசு புதுசா இடம் தொறந்து விடும், நாமளும் கீழ போகலாம், 11:30க்கு மேல நோக்கி திரும்பிடணும். அப்படி போனா முழுசா ரெண்டு மணி நேரம் கிடைக்கும், எந்த நேரமும் கடல் நம்மள விட்டு விலகிப் போய்க்கிட்டுதான் இருக்கும்.

அன்னைக்கு பௌர்ணமி பக்கமா? எதுக்கு கேக்குறேன்னா அமாவாசை பௌர்ணமி சமயத்துல சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டுல நின்னு இழுக்கும், அப்ப ஏத்தமும் ஜாஸ்தி வத்தமும் ஜாஸ்தி. அதோட உச்சம் பெரும்பாலும் ஒரு நாள் ரெண்டு நாள் தள்ளித்தான் வரும். பாதி நிலா சமயத்துல ரெண்டும் கம்மி.

கூழாங்கல்
அண்ணே, பௌர்ணமிக்கு மறுநாள்தான்! நல்லா வத்தும், நிறைய பாக்கலாம்னுதான் அந்த நாளை எடுத்தேன். நல்லா வத்தினா அதே அளவுக்கு ஏறும்னு யோசிக்கவே இல்ல. இந்த 12 பங்கு கணக்கை பொண்ணுகிட்ட காட்டினேன், அவ நோட்டுல படம் போட்டு வச்சிருக்கா.

மழைக்காகிதம் அக்கா, கோவம் எல்லாம் இல்ல, நீங்க சொல்றது சரிதான். அம்மாகிட்ட அன்னைக்கே சொல்லிட்டேன்.

நீலநண்டு
நான் பள்ளிக்கூடத்துல உயிரியல் சொல்லித்தர்றேன். அந்த குழிய பத்தி நீங்க எழுதினதை மூணு தடவை படிச்சேன், பசங்க சரியான இடத்துல சரியான விதத்துல பாத்திருக்காங்க. நிறைய பேரு பாறை பாறையா தாவிக்கிட்டே போவாங்க, ஒண்ணும் கண்ணுல படாது. ஒரே குழி முன்னாடி நிழல் விழாம 10 நிமிஷம் படுத்து பாத்தாதான் ஒளிஞ்சதெல்லாம் வெளிய வரும்.

பூ மாதிரி விரிஞ்சிருந்தது கடல் சாமந்தி. செடி இல்ல, விலங்கு. இதழ் மாதிரி தெரியுறதெல்லாம் கொட்டுற செல் உள்ள கைங்க, சின்ன இறால் மீன் பட்டா பிடிச்சு நடுவுல இருக்குற வாய்க்குள்ள தள்ளிடும். தண்ணி வத்தினா காயாம இருக்க உருண்டையா சுருங்கிக்கும், பாறையில ஜெல்லி உருண்டை ஒட்டியிருக்கேன்னு மிதிச்சிடாதீங்க, அதுவும் இதுதான்.

பொண்ணு முட்டிய கீறினது கொட்டலசா இருக்கும், பார்னக்கிள்னு சொல்வாங்க, வெள்ளையா குட்டி எரிமலை மாதிரி பாறை பூரா ஒட்டியிருக்குமே அது. பாத்தா சிப்பி இனம்னு தோணும், ஆனா நண்டு இறாலோட சொந்தம். குட்டியா இருக்கும்போது நீந்தித் திரியும், அப்புறம் ஒரு இடம் பாத்து தலைய பாறையில ஒட்டிக்கிட்டு சுத்தி ஓடு கட்டிக்கும், மிச்ச வாழ்க்கை முழுக்க காலை வெளிய நீட்டி தண்ணியில வர்ற சாப்பாட்டை வாரித் தின்னும். டார்வின் 1846லேருந்து 1854 வரைக்கும் 8 வருஷம் பெரும்பாலும் இதையே ஆராய்ச்சி பண்ணினாரு, அவ்ளோ விஷயம் இருக்கு இதுல.

இன்னொண்ணு சொல்றேன், பொண்ணுக்கு பிடிக்கும். கூம்புத் தொப்பி கவுத்து வச்ச மாதிரி ஒரு நத்தை இருக்கும், லிம்பெட். தண்ணி மூடினதும் பாறையில பாசி மேயப் போகும், தண்ணி வத்துறதுக்கு முன்னாடி கிளம்பின அதே புள்ளிக்கு திரும்பி வந்து ஒட்டிக்கும், நிறைய வகைங்க அப்படி. ஓட்டோட விளிம்பு அந்த இடத்து மேடு பள்ளத்துக்கு பொருந்துற மாதிரியே வளந்திருக்கும், வேற இடத்துல சரியா மூடாது, காஞ்சு போயிடும். பாசிய சுரண்டுற அதோட பல்லுதான் உயிரினங்க உண்டாக்குற பொருள்லயே ரொம்ப உறுதியானதுன்னு 2015ல அளந்து சொன்னாங்க, சிலந்தி நூலை விட உறுதி. பாறையில ஒரு விரிசல் பக்கத்துல இருக்குற லிம்பெட்டை விரிசலோட சேத்து போட்டோ எடுத்து வச்சுக்க சொல்லுங்க, அடுத்த தடவை போறப்ப அதே இடத்துல இருக்கான்னு பாக்கலாம்.

கூழாங்கல்
டீச்சர், உங்ககிட்ட ஒண்ணு ஒத்துக்கணும். பையன் சங்கு ஒண்ணை பாக்கெட்டுல போட்டுட்டு வந்துட்டான். பாதி வழியில கார்ல ‘அப்பா சங்கு நடக்குது’ன்னான். உள்ள நண்டு இருந்திருக்கு, எனக்கும் தெரியல அவனுக்கும் தெரியல. மனைவி வண்டிய திருப்புன்னு சொல்லிட்டா. திரும்பிப் போய், அதுக்குள்ள தண்ணி நிறைய ஏறிடுச்சு, ஓரமா அலை அடிக்காத ஒரு குழியில விட்டோம். கொஞ்ச நேரம் அசையாம இருந்து அப்புறம் கால் நீட்டி நடந்து போச்சு. அது பொழச்சிருக்குமா?

நீலநண்டு
ஈரமா இருந்து சீக்கிரம் விட்டிருந்தா பொழச்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, நடந்து போச்சுன்னா நல்ல அறிகுறி. உங்க மனைவிக்கு என் வணக்கம்.

துறவி நண்டுக்கு பின்பக்கம் ஓடு கிடையாது, மெத்துனு இருக்கும், அதனாலதான் செத்த நத்தையோட சங்கை வீடா வச்சுக்குது. வளர வளர பெரிய வீடு தேடணும். அதனால காலி சங்கும் கடலுக்கு தேவைதான், மூட்டை மூட்டையா அள்ளிட்டு வர்றது எனக்கு மனசு ஒப்பாத விஷயம்.

பாறைமடிப்பு
டீச்சர் சொன்னதுல ஒரு சின்ன மாற்றுக் கருத்து. குழந்தை ஒரு காலி சங்கை, ஒரு கூழாங்கல்லை வீட்டுக்கு எடுத்துட்டு வர்றதை தப்புன்னு சொன்னா அதுக்கு கடல் மேல இருக்குற ஆசையே போயிடும். நான் புவியியல் படிக்கப் போனதே சின்ன வயசுல பொறுக்கின ஒரு கல்லாலதான். தடை இல்லாத இடத்துல ஒண்ணே ஒண்ணு எடுக்கலாம்னு விடலாமே.

நீலநண்டு
கல்லுன்னா எனக்கும் சம்மதம். சங்குன்னா போட்டோ போதும்னு நான் நிப்பேன். உசுரோட இருக்குற எதையும் எடுக்கவே கூடாது, அதுல பேச்சுக்கே இடமில்ல. ராபர்ட் பெயின்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1963ல ஒரு பாறைக்கரையில நட்சத்திர மீனை மட்டும் தொடர்ந்து எடுத்து எடுத்து தூக்கிப் போட்டுப் பாத்தாரு. அது தின்னுக்கிட்டு இருந்த மட்டி இனம் கட்டுப்பாடு இல்லாம பெருகி பாறை பூரா பிடிச்சிடுச்சு, 15 வகை உயிர் இருந்த இடத்துல 8தான் மிஞ்சுச்சு. ஒரே ஒரு இனத்தை எடுத்ததுக்கு இவ்ளோ.

கல்லை புரட்டிப் பாக்குறதும் அப்படித்தான். மெதுவா புரட்டுங்க, பாருங்க, எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி வைங்க. அடியில இருக்குறதுக்கு வெயில் ஆகாது, மேல இருக்குற பாசிக்கு இருட்டு ஆகாது. கவுத்துப் போட்டுட்டு போனா ரெண்டு பக்கமும் செத்துப்போகும்.

சின்னச்சுழி
நான் நர்ஸ். பொண்ணோட காயம் எப்படி இருக்கு? கடல் பாறை கீறின காயத்தை சாதாரணமா விடாதீங்க, நல்ல தண்ணியும் சோப்பும் போட்டு நிறைய கழுவி, உள்ள ஓட்டுத்துண்டு இருக்கான்னு பாருங்க. சிவந்து வீங்கினாலோ சூடா இருந்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டர்கிட்ட காட்டிடுங்க. டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னும் பாத்துக்கோங்க.

வெப்பக் கடல்னா இன்னும் ரெண்டு விஷயம். ஐஸ்கிரீம் கோன் மாதிரி அழகா கோலம் போட்ட சங்கை கையில எடுக்கவே விடாதீங்க, கூம்புச் சங்கு, உள்ள உயிர் இருந்தா விஷ ஊசி மாதிரி ஒண்ணை வீசும், அதுல சில வகையால ஆளே செத்திருக்காங்க. கல்மீன் முள், கடல் முள்ளெலி முள் குத்தினா தாங்கக்கூடிய அளவு சூடான தண்ணியில, 45 டிகிரிக்கு மேல போகாம, காலை வச்சுக்கிட்டா வலி குறையும், முதல்ல நல்லா இருக்குற ஆளு கைய விட்டு சூடு பாத்துக்கணும், அப்புறம் உடனே ஆஸ்பத்திரி. எல்லாரும் செருப்பு இல்லாம ஷூ போட்டுக்கோங்க, அடி பிடிமானம் உள்ளதா, நனைஞ்சாலும் பரவாயில்லன்னு இருக்குறது. செருப்பு வழுக்கி கழண்டு அதை எடுக்கப் போய் விழுந்தவங்களை நான் வேலையில நிறைய பாத்திருக்கேன்.

கூழாங்கல்
காயம் ஆறிட்டு வருது, வீக்கம் இல்ல, ஊசியும் போட்டிருக்கு. பையன் செருப்புலதான் வந்தான். மாத்திடுறேன்.

பாறைமடிப்பு
அந்த மூக்கு பத்தி ஒண்ணு சொல்லணும், அங்க அலை பெருசா இருந்ததுக்கு காரணம் இருக்கு. அலை கரைக்கு வர்றப்ப ஆழம் கொறஞ்ச பக்கம் வேகம் கொறஞ்சு வளையும், அதனால நீட்டிக்கிட்டு இருக்குற மூக்கை ரெண்டு பக்கமும் சுத்தி வளைச்சு அடிக்கும், உள்வாங்கின வளைவுல அந்த சக்தி பரவி அடங்கிடும். நீங்க வளைவுக்குள்ள உக்காந்துக்கிட்டு கடல் அமைதியா இருக்குன்னு நினைச்சிருப்பீங்க, அதே நேரம் மூக்குல நிலைமை வேற.

மேட்டோட அடியில, குகை வளைவுக்கு அடியில உக்காராதீங்க. அலை விரிசலுக்குள்ள காத்தை அழுத்தி அழுத்தி பாறைய பொளக்குது, குகை ஆகுது, ரெண்டு பக்க குகையும் சேந்தா வாசல் மாதிரி பாறை வளைவு ஆகுது, ஒரு நாள் கூரை விழுந்து தனித்தூண் நிக்குது. ஆஸ்திரேலியாவுல லண்டன் பிரிட்ஜ்னு ஒரு இயற்கை வளைவு, 1990 ஜனவரியில கரையோட சேந்த பக்கம் விழுந்துச்சு, மறுமுனையில நின்ன ரெண்டு பேரை ஹெலிகாப்டர் வச்சு மீட்டாங்க. மால்டாவுல இருந்த பெரிய வளைவு 2017 மார்ச்ல ஒரு புயல்ல மொத்தமா போயிடுச்சு. கீழ புதுசா உடைஞ்ச கல்லு, பளிச்சுனு வேற நிறத்துல கெடந்தா மேலேருந்து இன்னும் விழும்னு அர்த்தம்.

மழைக்காகிதம்
இதையெல்லாம் படிக்க படிக்க எனக்கு பயம்தான் கூடுது. என் தம்பி பாறையில நின்னுக்கிட்டு இருந்தப்ப அலை இழுத்துட்டு போச்சு, பக்கத்துல மீன் பிடிச்சுக்கிட்டு இருந்தவரு ஒரு காலி கேனை கயித்துல கட்டி வீசினதால பொழச்சான். வானம் தெளிவா இருந்துச்சு, அரை மணி நேரமா அந்தப் பாறையில ஒரு சொட்டு தண்ணி படல. எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல அந்த அலை. அதுக்கப்புறம் நான் பாறைக்கரை பக்கமே போனதில்ல, 9 வருஷம் ஆச்சு. அதனாலதான் முதல்ல அப்படி எழுதினேன்.

உப்புக்காத்து
அம்மா, நீங்க எழுதினது தேவையான ஒண்ணு, யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. அந்த அலை எங்கேருந்து வந்துச்சுன்னா, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கயோ அடிச்ச புயல்லேருந்து. அங்க உண்டான அலை நாள் கணக்கா நடந்து வரும், நம்ம தலைக்கு மேல வெயில்தான் இருக்கும். அப்படி வர்ற அலைங்க கூட்டம் கூட்டமா வரும், நடுவுல ரொம்ப நேரம் சின்ன அலையா இருக்கும், திடீர்னு நாலஞ்சு பெருசு. ஏழாவது அலை பெருசு, ஒம்பதாவது பெருசுன்னு சொல்றதை எல்லாம் நம்பக்கூடாது, அப்படி எண்ணிக்கை கிடையாது.

அதனால எங்கப்பா ஒரு வழக்கம் வச்சிருந்தாரு, நானும் விடாம செய்றேன். கீழ இறங்குறதுக்கு முன்னாடி மேல நின்னு 20 நிமிஷம் சும்மா கடலை பாப்போம். அதுல பெரிய அலை எது வரைக்கும் வருதோ அந்தப் பாறைய குறிச்சுக்கிட்டு அதை விட நல்லா மேலயே நிப்போம். பாறையில ஈரமா கருப்பா பட்டையா ஒரு கோடு ஓடும், அங்க வரைக்கும் தண்ணி தெறிக்குதுன்னு அர்த்தம், வழுக்கும். கடலுக்கு முதுகு காட்டி நின்னு போட்டோ எடுக்குறது கூடவே கூடாது, ஒருத்தர் கண்ணு எப்பவும் தண்ணி மேல இருக்கணும்.

யாராவது விழுந்தா பின்னாடியே குதிக்காதீங்க. மிதக்குறதை வீசுங்க, உங்க தம்பிக்கு அவரு செஞ்ச மாதிரி, காலி கேன், பந்து, மூடி போட்ட பாட்டில் பை எதுவா இருந்தாலும். விழுந்தவங்க அதே பாறையில ஏறப் பாக்கக்கூடாது, அலை தூக்கி அடிக்கும், பாறைய விட்டு விலகி மல்லாந்து மிதந்துக்கிட்டு ஆள் வர்ற வரைக்கும் இருக்கணும்.

மழைக்காகிதம்
நன்றி ஐயா. மேல நின்னு 20 நிமிஷம் பாக்குறதுன்னா, அது மட்டும் என்னால முடியும்னு தோணுது.

கூழாங்கல்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதை வச்சு மறுபடி போகலாம்னு இருக்கோம். அடுத்த நல்ல வத்தம் எப்பன்னு பாக்கணும்.

உப்புக்காத்து
பௌர்ணமிலேருந்து அமாவாசைக்கு ஏறக்குறைய 15 நாள். ஏத்த வத்த நேரம் தினமும் 50 நிமிஷம் தள்ளிப்போகும், 15 நாள்ல அது ஒரு சுத்து முடிச்சு கிட்டத்தட்ட அதே மணிக்கு வந்து நிக்கும். நீங்க போன சனிக்கிழமைலேருந்து 15 நாள்னா ஞாயித்துக்கிழமை, 11:50 வாக்குல இருக்கும், ஆனாலும் அட்டவணைய பாத்துக்கோங்க. சில கரையில நாளைக்கு ஒரு ஏத்தம் ஒரு வத்தம்தான், ஒவ்வொரு கரைக்கும் மொத்த ஏத்தமும் வேற வேற, அரை மீட்டர் கூட இல்லாத இடமும் இருக்கு, கனடாவுல ஃபண்டி வளைகுடாவுல 16 மீட்டர் வரைக்கும் போகும். காத்து கரை பாத்து அடிச்சா அட்டவணையில போட்டதை விட தண்ணி மேலயே நிக்கும்.

கூழாங்கல்
போயிட்டு வந்துட்டோம், ஞாயித்துக்கிழமை. வத்தம் 11:52. 9:15க்கு மேட்டுல போய் நின்னோம், 20 நிமிஷம் கடலை பாத்தோம், பையன் எந்தப் பாறை வரைக்கும் அலை வருதுன்னு குறிச்சுக்கிட்டான். 9:45க்கு இறங்கினோம். மூக்கை சுத்திப் போகல, போகணும்னே தோணல, இந்தப்பக்கமே தண்ணி இறங்க இறங்க கீழ கீழ குழி தொறந்துக்கிட்டே வந்துச்சு. அம்மாவும் பாதி தூரம் இறங்கி வந்தாங்க, மெதுவா கைய பிடிச்சு கூட்டிட்டு வந்தோம், ஒரு குழி பக்கத்துல உக்கார வச்சோம், பேரனை விட அவங்கதான் அதிக நேரம் பாத்தாங்க. கல்லுக்கடியிலேருந்து கை ஒண்ணு நீண்டு வந்து நண்டை தொட்டுட்டு உள்ள போச்சு, குட்டி ஆக்டோபஸ், அம்மாதான் முதல்ல பாத்தது. யாரும் தொடல.

பொண்ணு 11:30க்கு அலாரம் வச்சிருந்தா, அடிச்சதும் அவளே எல்லாரையும் கிளப்பினா. பையன் இன்னும் கொஞ்ச நேரம்னு அழுதான், அவ விடல.

டீச்சர், நீங்க சொன்ன லிம்பெட். முதல் தடவை எடுத்த போட்டோவுல ஒண்ணு அப்படி அமைஞ்சிருந்துச்சு, இந்தப்பக்கமே, பொண்ணு ஷூவை எடுத்தப்ப பின்னாடி பாறையில குறுக்கா ஒரு விரிசல், அது முடியுற இடத்துல ரெண்டு லிம்பெட். அந்தப் பாறைய தேடி கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆச்சு. போட்டோவை பக்கத்துல வச்சு பாத்தோம். ரெண்டும் அதே இடத்துல, அதே திசையில திரும்பி உக்காந்திருக்கு. நடுவுல 15 நாள், எத்தனை தடவை மேயப் போயிட்டு வந்திருக்குமோ. பொண்ணு அதுக்கு பக்கத்துல உக்காந்து ரொம்ப நேரம் பேசவே இல்ல.

மழைக்காகிதம்
அந்த ரெண்டு போட்டோவையும் இங்க போட முடியுமா சகோ? என் பசங்களுக்கு காட்டணும்.